நிழல் ஏறட்டும்

சாத்தங்குறிச்சி நகராட்சியில் சங்கு ஊதும் கம்ப்யூட்டர் புரோகிராமிலிருந்து மரியபுஷ்பம் ஒரேயொரு வரியை எடுத்துப்போட்ட மறுநாள் மத்தியானத்திலிருந்து, அந்த ஊரில் அசைகிறவை எல்லாவற்றின் நிழலும் நாற்பது நொடி பிந்தி வர ஆரம்பித்தது; மனுஷருடையது மட்டுமில்லை, ஆட்டுடையது, தள்ளுவண்டியுடையது, பறக்கிற காக்கையுடையது, ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸுடையது என்று எல்லாம் அப்படித்தான், நின்ற இடத்தில் நிற்கிற வேம்புக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் மட்டும்தான் ஒரு குறையும் இல்லை.

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. நாலு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வந்த தற்காலிக வேலை அவளுடையது, மே இரண்டாம் தேதி நிரந்தர ஆணையில் கையெழுத்தாகும், அதுவரைக்கும் உன் பெயரில் ஒரு குறையும் கோப்பில் ஏறக்கூடாது என்று மேனேஜர் திருமலையப்பன் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பா இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்க அவள் ஒரு கை, அம்மா ஒரு கை. இந்த வேலை போனால் சென்னைக்கோ கோயமுத்தூருக்கோதான் போகவேண்டும், அப்புறம் அப்பாவைத் தூக்க அம்மாவின் ஒரு கைதான் மிச்சமிருக்கும். அதனால் குறை வராமல் இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் நல்ல பெயரும் வாங்கிக்கொள்வோம் என்று நினைத்து, பத்துப்பேர் பத்துக் காலத்தில் எழுதிப்போட்டுவிட்டுப் போன அந்தப் புரோகிராமை, பொங்கலுக்கு முந்தி வீட்டை ஒழிக்கிற மாதிரி ஒழித்தாள். குழாய்வரி வசூலுக்கு நடுவே தெருவிளக்கு, தெருவிளக்குக்கு நடுவே எப்போதோ செத்துப்போன மாட்டுத் தொழுவரி, அதற்கும் அடியில் சங்கு. நாலாயிரம் வரி இருந்ததை ஆயிரத்து நூறாகக் குறைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது அது: பன்னிரண்டு மணி ஆனதும் நாற்பது நொடி சும்மா காத்திரு, பிறகு மத்தியானச் சங்கை ஊது. சரியான நேரம் சொல்லத்தானே சங்கு, அது எதற்கு நாற்பது நொடி தூங்கவேண்டும் என்று அதையும் எடுத்துவிட்டாள்.

முதலில் கண்டுபிடித்தவர்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸில் போனவர்கள். பன்னிரண்டரைக்குப் பஸ் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பின பஸ் தெப்பக்குளம் திரும்புவதற்குள் உள்ளே இருந்த அத்தனை பேர் தலையிலும் வெயில் விழுந்தது. கூரை கூடவேதான் வந்தது, கூரையின் நிழல்தான் வரவில்லை, அது இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கிடந்தது.

"என்ன வே, கூரையக் கழட்டிட்டீரா?"

"கூரை இருக்கு அண்ணாச்சி, எக்கித் தொட்டுப் பாருங்க," என்றார் கண்டக்டர்.

"தொட்டுப் பாக்கதுக்கா டிக்கெட் எடுத்தேன்? தலை வேவுதுய்யா."

ஒரு அம்மா பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். குடையும் பஸ்ஸோடு ஓடுகிற குடைதானே, அதன் நிழலும் பின்னாலேயே தங்கிவிட்டது. தெப்பக்குளம் ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கி ஏறி முடிக்கிற நேரத்துக்குள், தார் ரோட்டில் நீளமாக ஒரு கறுப்பு, ஹாரன் இல்லாமல், டிரைவர் இல்லாமல், வளைவில் ஒழுங்காக வளைந்து வந்து பஸ்ஸுக்கு அடியில் நுழைந்துகொண்டது. உள்ளே இருட்டிக் குளிர்ந்தது. எல்லோரும் "அப்பாடா" என்றார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது, மறுபடி வெயில்.

சாத்தங்குறிச்சிக்காரர்கள் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் ஊர் அது. வரவேண்டியது பிந்தி வருவதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. மூன்றாம் நாளே ஏழாம் நம்பர் டிரைவர் நாலு கரண்ட் கம்பத்துக்கு ஒருதரம் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்த ஆரம்பித்தார், "நிழல் ஏறட்டும், நிழல் ஏறட்டும்" என்று கண்டக்டர் படியில் நின்று கத்தினார், ஏறினதும்தான் ரைட் கொடுத்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஆளில்லாமல் வருகிற அந்த நிழலை விடுவானேன் என்று மொபெட்காரர்கள் அதற்குள் புகுந்துகொண்டு அதே வேகத்தில் ஓட்டினார்கள். ஏழாம் நம்பர் நிழல் நீளம் அதிகம், நாலு வண்டி தாராளமாகப் போகலாம், பதினொன்றாம் நம்பருடையது மினி பஸ், இரண்டுக்கு மேல் தாங்காது என்றெல்லாம் அதற்குள் ஒரு கணக்கு வந்துவிட்டது. ஒயின்ஷாப்பிலிருந்து வெளியே வருகிறவர்கள் உடனே வீட்டுக்குள் போகாமல் தெரு முக்கில் நின்று நிழலும் வந்து சேர்ந்த பிறகே போனார்கள், ஏனென்றால் ஆள் யோக்கியமாக வாசல்படி ஏறின பிறகு நிழல் தனியாகத் தள்ளாடிக்கொண்டு தெருவில் வருவதை நாலு பெண்டாட்டிமார் பார்த்துவிட்டார்கள். விருந்தாளி வந்தால் கதவைச் சாத்தாமல் "பின்னால வரட்டும்" என்று திறந்து வைத்திருப்பது மரியாதையானது. நடேசர் மண்டபத்தின் திறந்த முற்றத்தில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து எல்லோரும் அட்சதை போட்டு ஓய்ந்த பிறகு, தரையில் அவருடைய நிழல் குனிந்து பெண்ணின் நிழலுக்குத் தாலி கட்டியது. எது முகூர்த்தம் என்று இரண்டு வீட்டாரும் வாக்குவாதம் பண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் முறையும் அட்சதை போட்டுக் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

ஒன்று மட்டும் யாரும் சிரிக்காமல் சொன்னது. எண்ணெய்ச்செட்டு வைரவன் வாசல் கட்டிலில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்து உயிரை விட்டார். அவர் போன பிறகும் சுவரில் அவருடைய நிழல் நாற்பது நொடி காதைச் சொறிந்தது. அவர் சம்சாரம் அதைக் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

மரியபுஷ்பத்துக்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்துபோயிற்று. ஆபீஸ் கேட்டைத் தாண்டி நின்று, தன் நிழல் மேனேஜர் அறை வாசலில் தயங்கி, படியிறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி வருவதற்கு எத்தனை நொடி என்று எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எடுத்ததும் நாற்பது, வந்ததும் நாற்பது. வீட்டுக்குப் போய் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தபோது, சுவரில் விழுந்த ஜன்னல் வெயிலில், அவர் உட்கார்ந்து சோறு கேட்கிற நேரத்துக்கு அவருடைய நிழலை அவளுடைய நிழல் தூக்கிக்கொண்டிருந்தது. "என்ன பிள்ளை, சுவரையே பாக்கே?" என்றார் அவர். "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போய், யாருக்கும் தெரியாமல், எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். மத்தியானம் சங்கு பழையபடி நாற்பது நொடி பிந்தி ஊதியது. அவள் வெளியே ஓடிவந்து பார்த்தாள். நிழல் வரவில்லை. எண்ணினாள். நாற்பதில் வந்தது. வரியை ஒரு வரி மேலே வைத்துப் பார்த்தாள், கீழே வைத்துப் பார்த்தாள், இருபது இருபதாகப் பிரித்து வைத்துப் பார்த்தாள்; அழித்த தொழுவரியைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தாள், ஊரில் யாருக்குத் தொழுவம் இருக்கிறதென்று தெரியாமலேயே. நிழல் அசைந்துகொடுக்கவில்லை. இதற்குள் பள்ளிக்கூட வேனில் போய்வந்த பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு வெயில் கொண்டு காய்ச்சல் வந்தது, இன்னும் கத்திரி வெயிலே ஆரம்பிக்கவில்லை, ஆரம்பித்தால் என்ன கதியோ என்று தாய்மார் நகராட்சிக்கு வந்து மனுக் கொடுத்தார்கள். திருமலையப்பன் மனுக்களை வாங்கிக் கட்டிவைத்து, "நிழல் சம்பந்தம்" என்று ஒரு கோப்புத் திறந்தார்.

"பொறுப்பாளர் பெயர்னு ஒரு இடம் விட்டிருக்கேன்," என்றார் அவளிடம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "யார் பேராவது எழுதித்தானம்மா ஆகணும். வெயில்னு எழுத முடியாதுல்லா."

இந்தப் புரோகிராமில் சங்கை எழுதினவன் ஜெயசெல்வன் என்று ஒருவன், இப்போது பெங்களூரில் இருந்தான். போன் பண்ணினாள்.

"அந்த நாப்பதை எடுத்திட்டீங்களா?" என்றான் அவன், யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்ட மாதிரி. "எடுக்கப்படாதுங்க. முந்தி சங்கு கையால ஊதினாங்கள்லா, ஊதினவருக்கு முழங்கால் வலி, பன்னெண்டு அடிச்சதும் நாற்காலிய விட்டு எந்திரிச்சு மாடி ஏறி சுவிட்சைத் தட்ட நாப்பது நொடி ஆகும். முப்பது வருஷம் அப்படியே ஊதி ஊரே அதுக்குப் பழகிட்டு. நான் கம்ப்யூட்டர்ல போட்டதும் டாண்ணு பன்னெண்டுக்கு ஊதிச்சு, ஊர்க்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க, சங்கு முந்தி ஊதுது, எங்களை அவசரப்படுத்துதுன்னு. ஒரு வாரம் பாத்துட்டு நாப்பதைப் போட்டுட்டேன்."

"அந்த ஒரு வாரம் நிழல் எப்படி வந்துச்சு?"

"அது ஐப்பசி மாசங்க. ஒரே அடைமழை. நிழலை யாரு பாத்தா?"

போனை வைத்துவிட்டு அவள் ஒரு நோட்டும் அப்பாவுடைய பழைய கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். யாருக்கு எத்தனை நொடி என்று எழுதினாள். தபால்காரருக்கு நாற்பது, சலூன்காரருக்கு நாற்பது, கோயில் யானைக்கு நாற்பது, குளத்தில் குளித்த வாத்துக்கு நாற்பது. நாலாம் நாள் சங்குக் கூண்டுக்கு எதிரே பதநீர் விற்கிற பேச்சித்தாயிடம் வந்தாள். பேச்சித்தாய் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றினாள், தரையில் நிழலும் ஊற்றியது. அவள் கையை நீட்டினாள், நிழலும் நீட்டியது. மரியபுஷ்பம் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, உங்க நிழல் சரியா இருக்கு!"

"என் நிழலுக்கு என்ன கேடு? ஊர்க்காரன் நிழல் ஊர் மேஞ்சா என்னுதும் மேயணுமா? குடி."

"மத்தியானம் நீங்க என்ன செய்வீங்க?"

"என்னட்டி கேள்வி இது? யாவாரம் செய்வேன்."

மரியபுஷ்பம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள். பன்னிரண்டு அடித்தது. ஊர் பன்னிரண்டுக்குச் சரியாக டிபன் கேரியரைத் திறந்தது. ஏனென்றால் சங்கு ஒரேயொரு நாள் சரியான நேரத்துக்கு ஊதியதிலேயே எல்லோருக்கும் போனைப் பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம் தொற்றிவிட்டது, மறுபடி அது பிந்தி ஊதியபோது பாதிப்பேர் ரசம் சாதத்துக்குப் போயிருந்தார்கள். பேச்சித்தாய் மட்டும் கையைத் துடைத்தாள், இடுப்பில் கைவைத்தாள், கூண்டைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றாள், சங்கு ஊதி முடித்ததும்தான் மூச்சுவிட்டுப் பானையைத் திறந்தாள். அவள் நிற்க நிற்க, அவள் காலடியில் நிழல் வந்து, கோழி அடைகிற மாதிரி அடங்கி உட்கார்ந்ததை மரியபுஷ்பம் பார்த்தாள்.

"எதுக்குக்கா நின்னீங்க?"

"சங்கு ஊதட்டும்னுதான். அது என்னைக்கு எப்ப ஊதும்னு யாரு கண்டா? எங்கிட்ட போனு இல்ல."

அப்போது மரியபுஷ்பத்துக்கு விளங்கியது. மனுஷன் நாள் முழுக்க நிழலை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், அது மூச்சு வாங்க வாங்கப் பின்னாலேயே வருகிறது, முப்பது வருஷமாக இந்த ஊர் மத்தியானம் நாற்பது நொடி சங்குக்காகச் சும்மா நின்றதில்தான் அது ஓடிவந்து மறுநாள் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது, வேறு நேரம் நின்றால் நிற்கிறவரைக்கும்தான். நிற்கிற நேரத்தை அவள் எடுத்தாள், அது எட்டிப்பிடிக்க முடியாமல் போயிற்று. கம்ப்யூட்டருக்குள் வரியை வைத்துவிடலாம். ஊரை நிற்கவைக்க எந்தப் புரோகிராமில் எந்த வரியை வைப்பது?

மேனேஜரிடம் யார் எடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். அவர் உடனே ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினார். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு, நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அனைவரும் அவரவர் இடத்தில் நாற்பது நொடி அசையாமல் நின்று ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்க எல்லோரும் வெளியே வந்தார்கள், மற்றவன் நிற்கிறானா என்று பார்க்க. அங்கேயும் இங்கேயும் நடந்து, அடுத்த தெருவை எட்டிப் பார்த்து, "அவன் நிக்கல, நான் மட்டும் என்ன கேனையனா" என்று வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஊரே ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு திரிந்ததில் நிழல்கள் நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்குப் போயின.

"இந்த ஊரு எதுக்கு நிக்கும்ங்கே?" என்றாள் பேச்சித்தாய். "சாமி வந்தா செல்பி எடுக்கும், சாவு வந்தா பந்தல் கணக்குக் கேக்கும். எவனாவது ஒருத்தன் மேடையேறி, நான்தான் தப்புப் பண்ணேன்னு வாயத் தொறந்தாப் போதும், ஈ பூந்தாக்கூட அசையாது. அப்படி ஒருத்தன் இருக்கானா பாரு."

மரியபுஷ்பம் பதநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். வீட்டில் அன்றைக்கு அப்பாவைத் தூக்கும்போது அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒற்றைக்கையால் முடியுமா என்று. முடியாது. ஆனாலும் வேனில் போகிற பிள்ளைகளுக்குக் கூரை இருந்தும் நிழல் இல்லை. மறுநாள் ஆட்டோக்காரரிடம் அவளே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள்: நிழல் பிந்தியதற்குக் காரணமான நபர் இன்று பன்னிரண்டு மணிக்குச் சங்குக் கூண்டில் நின்று தன் வாயால் ஒப்புக்கொள்வார்.

பன்னிரண்டு அடிக்கப்போகிற நேரத்துக்கு ஊரே ஓடிவந்து திரண்டது. பஸ்கள் நின்றன, மொபெட்கள் நின்றன, கோயில் யானையைக்கூடக் கூட்டிவந்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. மரியபுஷ்பம் கூண்டுப் படியில் ஏறி ஆட்டோவிலிருந்து இழுத்த மைக்கைப் பிடித்தாள். "யம்மா, அந்தச் சம்மனசு மாதிரி பாவம் அறியாத பிள்ளையா!" என்று ஒரு குரல், "சும்மா இரும் வே, கேட்போம்" என்று ஒரு குரல், அதோடு சத்தம் நின்றது. அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஊர் வாயைப் பிளந்து, கண் கொட்டாமல், ஒரு கால் மாற்றிக்கூட நிற்காமல் அவள் வாயையே பார்த்தது. அப்படிப் பார்க்கப் பார்க்க, நாலா தெருவிலிருந்தும் நிழல்கள் வர ஆரம்பித்தன, கடைவீதி வழியே கூட்டமாக, சந்துகளில் ஒன்றிரண்டாக, யானையுடையது நடுரோட்டில் நிதானமாக, அவரவர் ஆளைத் தேடி, ஆள் மாறாமல், காலடியில் வந்து புகுந்தன. கடைசியாக ஏழாம் நம்பருடையது வந்து பஸ்ஸுக்கடியில் ஒண்டியது. நாற்பது ஆயிற்று. அவளுக்கும் அப்போதுதான் குரல் வந்தது, "நான்தான் எடுத்தேன்" என்றாள், அதே நொடியில் தலைக்கு மேலே சங்கு ஊதியது.

ஒருவர் காதிலும் விழவில்லை.

"என்ன சொல்லுச்சு?" "உதடு அசைஞ்சுது." "நாளைக்குக் கேட்டுக்கிடலாம், பசிக்கு."

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஒரு நாள் நின்றால் அது ஒரு நாளைக்குத்தான் தாங்கியது, அதனால் வரவும் வேண்டியிருந்தது. தினமும் அவள் ஏறினாள், தினமும் நாற்பது நொடி ஊமையாக நின்றாள், தினமும் சங்குக்கு அடியில் உண்மையைச் சொன்னாள். ஏழாம் நம்பருக்குள் நிழல் தங்கியது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டது. திருமலையப்பன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா. நானும் கேக்கல, நீயும் சொல்ல வேண்டாம். நீ சொல்லிட்டேன்னா கோப்புல பேர் ஏறும், நீ தற்காலிகம்கூட இல்ல. சொல்லாத வரைக்கும் ஊரு நிக்கும், நீ நிரந்தரம். ரெண்டாந்தேதி மத்தியானம் கையெழுத்துப் போடுதேன். அந்தச் சங்குக்கு அடியில என்ன வேணா சொல்லிக்க, அது உன் பாடு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் தினம் தினம் ஒரு ஊரையே கூட்டிவைத்து, சொல்வது போல நின்று, கேட்காதபடி சொல்வது அவளுக்குள் ஒரு புது அழுக்காகச் சேர்ந்துகொண்டே போயிற்று. எடுத்ததற்காகக்கூட அவள் அவ்வளவு வெட்கப்படவில்லை. அம்மா வேறு, "ஆணை வந்ததும் கோயில்ல நன்றிப் பூசை வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தேதி காலையில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, நாற்பது நொடி காத்திரு என்ற வரியைத் தொடாமல், அதற்குக் கீழே இருந்த ஊது என்ற வரியை மட்டும் அந்த ஒரு நாளைக்கு நிறுத்தினாள். பன்னிரண்டு மணிக்குப் படியேறினாள். எதிரே நகராட்சி ஆபீஸ் மாடி ஜன்னலில் திருமலையப்பன் ஆணையும் பேனாவுமாக நின்றார். ஊர் அசையாமல் நின்றது. நிழல்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் சேரட்டும் என்று அவள் பார்த்து நின்றாள். நாற்பது. சங்கு ஊதவில்லை. நாற்பத்தைந்து.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். "சங்குல இருந்த நாப்பது நொடிய நான்தான் எடுத்தேன். நல்ல பேர் வாங்கணும்னு எடுத்தேன்."

மைக் அதைத் தெப்பக்குளம் வரைக்கும் கொண்டுபோயிற்று. யாரும் அசையவில்லை. ஜன்னலில் பேனா கீழே இறங்கியது. மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு, கூட்டம் கலைகிற செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"அது தெரியும்ட்டி," என்றாள் பேச்சித்தாய் முன்வரிசையிலிருந்து. "பத்து நாளா உன் உதட்டைத்தானே பாக்கோம். அப்புறம்?"

"அப்புறமா?"

"பூராவும் சொல்லாம என்ன இது. எடுத்தே, சரி. எங்க வச்சு எடுத்தே, எடுக்கயில கை நடுங்குச்சா, வீட்டுல என்ன சொன்னே?"

"ஆமா, அப்புறம்?" என்றது பஸ் பக்கம். "நாலாயிரம் வரியாம்லா, முதல்லேர்ந்து வரட்டும்," என்றது மொபெட் பக்கம். எல்லோருக்கும் பின்னால் மேலேயிருந்து ஒரு செருமல் கேட்டது. "சத்தமாச் சொல்லும்மா, இங்க சரியா கேக்கல," என்றார் திருமலையப்பன்.

அவள் கண்ணைத் திறந்து, மைக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு, செத்துப்போன தொழுவரியிலிருந்து ஆரம்பித்தாள். மணி பன்னிரண்டே காலாயிற்று, ஒருவர்கூடச் சாப்பிடப் போகவில்லை; காலடியில் நிழல்கள் மடிந்து உட்கார்ந்து கேட்டன. தொழுவரி முடிந்து தெருவிளக்குக்கு வந்தபோது சோறு ஆறிவிடும் என்று யாரோ சொல்ல, மிச்சம் நாளைக்கு என்று கலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆணை கையெழுத்தாகி வந்தது. கூடவே வந்த "நிழல் சம்பந்தம்" கோப்பில், பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் முழுசாக, இனிஷியலோடு எழுதியிருந்தது. அதற்கு நேரே நடவடிக்கை என்ற இடத்தில் திருமலையப்பன் தன் கையால் எழுதியிருந்தார்: பணியாளர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை, முடிக்கும்வரை நிரந்தரம்.